வீட்டுப் படம் போட்ட பொத்தான்

அக். 12, செவ்வாய். சித்தூர்

மேகமூட்டம். மழை இல்லை. காலை இட்லி இரண்டு. ருசி தெரியவில்லை.

பெங்களூரிலிருந்து மகள் கிரேஸ் போன். சனிக்கிழமை மாப்பிள்ளையோடு காரில் வந்து என்னைக் கூட்டிப் போகிறார்களாம். இனி அங்கேதான். காருக்கு வழி காட்டும் மெஷின் ஒன்று வேண்டுமாம், திருப்பதியில் நான் பார்த்து வாங்க வேண்டுமாம். பின்னே? லாரி ஓட்டியே தலை நரைத்தவன். கல்கத்தா வரை கண்ணை மூடிக்கொண்டு போனவன். போலீஸே என்னை நிறுத்தி வழி கேட்டதுண்டு.

மாலை கல்லறைத் தோட்டம். பெண்டாட்டி எஸ்தரைப் புதைத்த மேடு இன்னும் உயரமாகத்தான் இருக்கிறது. பெங்களூர் போவதற்குள் பெயர் வெட்டிய கல் வைத்துவிடலாமா என்றேன். தோட்டக்காரர் மாசிலாமணி ஒப்பவில்லை.

"மண்ணு எறங்கணும்ணா. ஒரு மழக்காலம் தாண்டட்டும். இப்ப வெச்சா கல்லு சாஞ்சிக்கும்."

மரச்சிலுவையைக் கரையான் அரிக்கிறது. புது மேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அடுத்த வருஷம் வந்து நின்றால், இவள் எந்த மேடு என்று யாரைக் கேட்பது? மாசிலாமணிக்கும் பார்வை மங்கல்.

அக். 13, புதன். திருப்பதி

வெயில். பஸ்ஸில் நின்றுகொண்டே.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். (மேல் தட்டில் எதையோ எடுக்கவும் வேண்டியிருந்தது.) எட்டாம் கிளாஸ் படிப்பை வைத்தே சாட்டிலைட் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு விளக்கினேன். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். சூளூர்பேட்டையில் நின்று. அதுவும் பக்கம்தானே.

ரோடு தப்பாமல் காட்டும் என்றார். ரோடு எனக்கே தெரியும், ஆறடிக்குள் காட்டுமா என்றேன்.

"ஆறடியா? அந்த ஜாகாவுல இன்னா சார் கீது?"

சொத்து என்றேன்.

சின்னது ஒன்று, பெரியது ஒன்று, சோதித்துவிட்டு வரக் கொடுத்தார். என் முகத்தை நம்பித்தான். லைசென்ஸ் சும்மா அவர் மேஜையில் இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இரண்டையும் பிடித்துக்கொண்டு வந்தேன். பெண் குரல், இங்கிலீஷில் வழி. இந்த அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்தாயா என்று கண்டக்டர் தெலுங்கில் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அக். 14, வியாழன். சித்தூர்

தூறல். காலையிலேயே கல்லறைத் தோட்டம்.

எஸ்தர் தலைமாட்டில் நின்று இரண்டிலும் இடத்தைப் பதிந்தேன். கேட் வரை போய்த் திரும்பி வந்தேன். பெரியது, மதிலுக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் இருக்கிறது என்றது. சின்னது பாக்கியம் டீச்சர் கல்லறையில் நிறுத்தியது. சர்ச் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்குப் போட்டி போட்டதிலிருந்து டீச்சருக்கும் எஸ்தருக்கும் பேச்சு இல்லை.

மறுபடி. டீச்சர். மறுபடி. டீச்சரேதான்.

மாசிலாமணி குடை பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"அண்ணி இங்கதாண்ணா கீறாங்க. அதுக்கு இன்னாத்துக்கு மிசினு?"

அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. பசித்தது.

முடிவு: சின்னது. மதிலுக்குள்ளாவது நிற்கிறது. டீச்சருக்குக் கல் உண்டு, பெயர் வெட்டியிருக்கிறது. அதற்கு இடது கைப்பக்கம் எஸ்தர். டீச்சரைக் கேட்டுத்தான் இவளைக் கண்டுபிடிக்க வேண்டும். தெரிந்தால் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்வாள்.

அக். 15, வெள்ளி. திருப்பதி

பெரியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. லைசென்ஸ் வந்தது. சின்னதில் வீட்டுப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருப்பதைக் கடைக்காரர் காட்டினார்.

"ஒரு தட்டு தட்டுங்க சார், எங்க இருந்தாலும் வூட்டுக்குக் கூட்டிகினு போவும். வூடு எதுன்னு மட்டும் நீங்க சொல்லிடணும்."

சித்தூர் வாடகை வீட்டுச் சாவியை நாளை கொடுத்துவிடுவேன். பெங்களூரில் எத்தனையாவது மாடி என்றே தெரியாது. நேற்றுத் தோட்டத்தில் பதிந்து வைத்த இடத்தைத் தட்டினேன். ஏற்றுக்கொண்டது.

மேல் துணி துவைத்தேன். குடை பஸ்ஸிலேயே மறந்து போயிற்று.

அக். 16, சனி. காரில்

கார் குலுங்குகிறது. எழுத்து கோணல்.

மாப்பிள்ளைக்குப் பெங்களூர் ரோடு அத்துப்படி. ஆனாலும் மாமா வாங்கியதாயிற்றே என்று கண்ணாடியில் ஒட்டினார். நானே போடுகிறேன் என்று வீட்டுப் படத்தைத் தட்டினேன்.

அப்போதிருந்து மெஷினில் அந்தப் பெண், திரும்பு திரும்பு என்கிறாள். பலமனேர் தாண்டியாயிற்று. விடவில்லை. கிரேஸ் பின் சீட்டில் தூங்குகிறாள்.

"இன்னா மாமா, ஒரேடியா திரும்பச் சொல்லினே கீது. தப்பான மிசினா?"

துல்லியமான மெஷின் என்றேன்.

"இத்த எப்டி நிறுத்தறது?"

தெரியாது என்றேன்.