வெள்ளிக்கிழமை இலைச் சாப்பாட்டின் கணக்கு

என் ஆசை அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. காலையில் எழுகிறேன், மாசாய் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் போய் நம் கேண்டீனைத் திறக்கிறேன், தேங்காய்ப்பால் சோற்றை நாசி லெமாக் பொட்டலமாகக் கட்டுகிறேன். கை வேலை செய்கிறது, மனம் மரத்துக் கிடக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் உன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. நானும்தான்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும், திட்டாதே. புது வேனுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். உன் காரியம் முடிந்த மறுவாரம் பேங்க் கணக்கைப் பார்த்தேன். இவ்வளவு வைத்துக்கொண்டா என்னைப் பழைய வேனில் சந்தைக்கு அலையவிட்டாய் என்று கோபம்கூட வந்தது. “டேய், பேங்க்ல இருக்கிறதெல்லாம் நம்ம காசு இல்ல லா” என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்! நான் சமையல்காரன், கணக்கு உன் தலைவலி என்று திமிராகத் திரிந்தேன்.

பேங்கில் இருந்ததில் பாதி கோழிக்காரருக்கும் அரிசிக் கடைக்கும் கொடுக்க வேண்டியது என்று பிறகுதான் தெரிந்தது. மீதி நம் ஆறு ஆட்களின் சம்பளமும் சேமநிதியும். தொழிற்சாலை நமக்குத் தரும் சாப்பாட்டுப் பணமோ இரண்டு மாதம் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியை நீ எப்படித்தான் ஓட்டினாய்?

போன மாதக் கடைசியில் பாத்திரம் கழுவும் கல்யாணி வந்து நின்றாள்.

“அண்ணே, சம்பளம் லேட்டாகுமா? பிள்ளைக்கு ஸ்கூல் பஸ் காசு கட்டணும்.”

“கொஞ்ச நாள் பொறும்மா.”

“அக்கா இருந்தப்ப ஒருநாள்கூடத் தள்ளினதில்லைண்ணே.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

அன்றுதான் உன் கணக்கு நோட்டை முதல்முறையாகத் திறந்தேன். எதை நிறுத்தினால் சம்பளம் தேறும் என்று தேடினேன். கண்ணில் பட்டது வெள்ளிக்கிழமை வாழை இலைச் சாப்பாடு. ஏழு கறி, பாயசம், என் பெருமை. அது ஒரு வாரம்கூட லாபம் தந்ததில்லை, அக்கா. அந்த நட்டத்தை மாதாமாதம் ஒரே பெயரில் எழுதியிருக்கிறாய்: தம்பி சந்தோஷம். அதற்கு ஒரு வரம்பும் வைத்திருக்கிறாய். வரம்பு தாண்டிய மாதங்களில் உன் சம்பளத்தில் கழித்திருக்கிறாய்.

“ஆத்துல போட்டாலும் அளந்து போடுடா” என்பாய். கருமி என்று உன்னை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் சமைக்கும் கை தளர்ந்துவிடும் என்றா?

வேனை வேண்டாமென்றேன். முன்பணத்தில் பாதிதான் திரும்பியது. அதை வைத்துச் சம்பளம் கொடுத்தேன், நான்கு நாள் தாமதம். அடுத்த மாதமும் கொடுக்க வேண்டுமே, இலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். வருத்தம்கூட வரவில்லை.

இனி சனிக்கிழமைதோறும் உன் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை நானே எழுதுவேன். கல்யாணியை இன்னொரு முறை வந்து கேட்கவிட மாட்டேன். ‘தம்பி சந்தோஷம்’ என்ற வரியை மட்டும் அடிக்க மாட்டேன். இந்த மாதம் அதில் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

நீ அளந்து அளந்து வளர்த்த
உன் தம்பி