தரகருக்கு முன்பணம் கொடுக்காதே

மகாராணி,

நாலு மணிக்கு வீட்டுத் தரகர் முன்பணம் வாங்க வருவார். கொடுத்துவிடாதே. "பென்ஷனுக்குச் சேர்த்ததை எடுத்து இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?" என்று நீ கேட்டபோது, நான் தலையாட்டியது கையிலிருந்த நாவலுக்கு.

நீயே யோசி. குழாய் ஒழுகினால் குடியிருப்பவர் எனக்குத்தான் போன் செய்வார். நான் என்ன பேசுவேன்? பென்ஷன் என்றால் சத்தமே இல்லாமல் மாதாமாதம் வந்து சேரும்.

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

பின்குறிப்பு: "சத்தமே இல்லாத ஒண்ணைக் கட்டிக்கிட்டு நான் படுறது போதாதா?" என்பாய். நியாயம்தான். தரகரை நாளைக்கு வரச்சொல். சாயங்காலம் நானே பேச ஆரம்பிக்கிறேன்; பயந்துவிடாதே.