எனக்குப் 'பொருந்தாது' என்று எழுதப்பட்ட கேள்விகள்

அனுப்புநர்:
பங்கேற்பாளர் எண் 58,
மலக்குடல் புற்றுநோய் சிகிச்சை ஆய்வு.
(பெண், வயது 44, ஓட்டுநர் பயிற்சியாளர்)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு,
புற்றுநோய் மருத்துவமனை.

பொருள்: பெண்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே, பெண்களுக்குக் குறை ஏதும் இல்லை என்று ஆய்வு முடிவு அறிவித்தது – திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மருத்துவமனை என் உயிரைக் காப்பாற்றியது. அதை மறந்துவிட்டு இம்மனுவை எழுதவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் எனக்கு இரத்தப்போக்கு ஏற்பட்டபோது, வெளியே பார்த்த மருத்துவர் மூலநோய் என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பினார். நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவளுக்கு மூலம் வராமல் வேறென்ன வரும் என்று நானும் நம்பினேன். தங்கள் புறநோயாளிப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர்தான் கையுறை அணிந்து விரலால் சோதித்துப் பார்த்து, கட்டி தட்டுப்படுகிறது என்று சொல்லி, அன்றே மற்றப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தார். அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

2. மலக்குடலில் புற்றுநோய் என்பது உறுதியானதும், ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்டார்கள். கீமோதெரபி முழுவதையும் அறுவைக்கு முன்பே கொடுத்துவிடுவதா, வழக்கம்போல் ஒரு பகுதியைப் பின்னால் கொடுப்பதா, எது நல்லது என்று கண்டறிவதே ஆய்வு. கட்டி கரைகிறதா என்பதை மட்டுமல்ல, சிகிச்சையால் உடம்பில் என்னென்ன மாறுகிறது என்பதையும் ஒன்றுவிடாமல் கேட்டுப் பதிவு செய்வோம், பின்னால் வரும் நோயாளிகளுக்கு அது உதவும் என்று தலைமை மருத்துவர் சொன்னார். அந்த வார்த்தைக்காகத்தான் கையெழுத்திட்டேன்.

3. கதிர்வீச்சு, மருந்து, அறுவை மூன்றையும் தாங்கினேன். மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருந்த மாதங்களிலும் வேலையை விடவில்லை. சீட் பெல்ட்டைப் பைக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்வேன். பழகுபவர் திடீரென்று பிரேக் அடித்தால் உயிர் போய் உயிர் வரும். பிறகு குடலை மீண்டும் இணைத்துப் பையை எடுத்தார்கள். இதற்கிடையில், கதிர்வீச்சு முடிவதற்குள்ளாகவே எனக்கு மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. அப்படி நிற்கும் என்று முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. நானாகக் கேட்டபோது, அது நிற்கத்தானே செய்யும் என்றார்கள்.

4. ஆய்வுக்கான நேர்காணல்களுக்குத் தவறாமல் வந்தேன். என் வயதை ஒத்த ஆய்வு உதவியாளர் ஒருவர் தூக்கம், பசி, மலம், சிறுநீர், விரல் மரப்பு எல்லாம் பொறுமையாகக் கேட்பார். பிறகு பேனாவை மூடிவிடுவார். கேள்விகள் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

5. என் கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நோய் வருவதற்குச் சற்று முன் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் என்னிடம் கார் பழக வந்தார். எத்தனை மாடி உயரத்திலும் அந்தரத்தில் நின்று வேலை செய்பவர், காரைப் பின்னால் எடுக்கச் சொன்னால் மட்டும் வியர்த்துப்போவார். சிகிச்சை நாட்களில் என்னை அழைத்துவந்து, நாற்காலியில் தூங்கி வழிந்தபடி காத்திருந்தவர் அவர்தான். சென்ற ஆண்டு பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். என் மகளே சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

6. இனி எழுதப்போவது தங்களுக்குக் கூச்சத்தைத் தரலாம். அதற்காக நான் மென்று விழுங்கப் போவதில்லை. தாம்பத்திய உறவு எனக்குத் தாங்க முடியாத வலியாக இருந்தது. இரத்தமும் கசிந்தது. நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தோம். என் கணவர் ஏதோ கொலை செய்துவிட்டவர்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமை மருத்துவரிடம் ஓடினேன். ஸ்கேனில் கட்டி இல்லை. வலியைப் பற்றி மீண்டும் சொன்னபோது அவர் கூறியது இது: "கட்டி இல்ல, அதுதான் முக்கியம். இந்த வயசுல மத்ததெல்லாம் எதுக்கும்மா? கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

அனுசரித்துப் போனேன். வீட்டில் ஒருவரையொருவர் விட்டு விலகிப் படுக்கவும் பழகிக்கொண்டோம்.

7. அடுத்த நேர்காணலுக்கு வந்த அன்று, பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறொரு பங்கேற்பாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காத்திருப்புக் கூடத்தில் எனக்கு அறிமுகமானவர்; மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். உறவில் நாட்டம் இருக்கிறதா, முடிகிறதா, முடியாதது மனத்தை வருத்துகிறதா என்று அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இது சிகிச்சையால் வருவதுதான், வெட்கப்பட வேண்டாம், மருந்து உண்டு என்று ஆறுதல் சொல்லி, அதற்குரிய மருத்துவரிடமும் அனுப்பினார்கள். அவர் விசும்பியது எனக்குக் கேட்டது. அவருக்காக நிம்மதியடைந்தேன்.

8. இதையெல்லாம் என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று உதவியாளரிடம் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'பொருந்தாது' என்று எழுதியிருந்தது. "நீங்க தனியா இருக்கறவங்கன்னு இருந்துச்சு. அதோட, பொம்பளைங்ககிட்ட இதை எப்படிக் கேக்கறதுன்னு… எல்லாருக்குமே அப்படித்தான் போட்டோம்" என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. எப்படிக் கேட்பது என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

9. வயிற்றுப் பையைப் பராமரிக்கக் கற்றுத் தந்த செவிலியரிடம் போனேன். கதிர்வீச்சு பிறப்புறுப்பை வறண்டு சுருங்கச் செய்யும் என்றும், தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் களிம்பாலும், சுருங்காமல் காக்கும் எளிய கருவி ஒன்றைப் பயன்படுத்துவதாலும் பெருமளவு தவிர்த்திருக்கலாம் என்றும் அவர் விளக்கினார். இப்போது தொடங்கியிருக்கிறேன். மெல்ல மெல்லக் குணம் தெரிகிறது. முழுவதும் சரியாகிவிடும் என்று அவர் பொய் சொல்லவில்லை.

10. சென்ற மாதம் பங்கேற்பாளர்கள் அனைவரையும் அழைத்துக் கூட்டம் நடத்தினார்கள். தலைமை மருத்துவர் திரையில் இதுவரையான முடிவுகளைக் காட்டினார். ஆண்களில் கணிசமானோருக்குத் தாம்பத்தியக் குறைபாடு ஏற்பட்டுள்ளது, பெண்களிடம் அத்தகைய குறை எதுவும் பதிவாகவில்லை என்று வாசித்தார். நான் எழுந்தேன்.

"எங்ககிட்ட கேக்கவே இல்லையே டாக்டர்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுந்து, தம்மிடமும் கேட்கவில்லை என்றார். இன்னொரு பெண்ணும் எழுந்து நின்றார். அடுத்து அந்த மீட்டர்காரர் எழுந்தார். "என்கிட்ட கேட்டாங்க. இவங்ககிட்டயும் கேட்டிருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்கள்.

11. மறுவாரம் ஆய்வு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. நான் கூட்டத்தின் ஒழுங்கைக் கெடுத்துவிட்டேனாம். இனி நேர்காணலுக்கு வர வேண்டியதில்லையாம். ஐயா, ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று சேரும்போது சொன்னார்கள். என்னை விலக்கும் உரிமை கேள்வி கேட்டதற்காக அவர்களுக்கு வந்துவிடுமா என்பதைத் தங்கள் குழு சொல்லட்டும். நான் விலகவில்லை. விலகப்போவதும் இல்லை.

12. ஆகவே, 'பொருந்தாது' என்ற சொல்லை நீக்கிவிட்டு, எங்களிடம் 'கேட்கப்படவில்லை' என்று உள்ளதை உள்ளபடி எழுத உத்தரவிட வேண்டும். எங்கள் அனைவரிடமும் முறையாகக் கேட்டு முடிக்கும்வரை இம்முடிவுகளை எந்த இதழிலும் வெளியிடக் கூடாது. திருமணமானவரா, தனித்திருப்பவரா, என்ன வயது என்று பார்க்காமல், கதிர்வீச்சு பெறப்போகும் ஒவ்வொரு பெண்ணிடமும் அதன் விளைவுகளையும் தடுக்கும் வழிகளையும் முன்னதாகவே சொல்ல வேண்டும். நான் சலுகை கேட்கவில்லை. கையெழுத்து வாங்கும்போது கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்கிறேன்.

13. ஒன்றைத் தாங்கள் என் வாயாலேயே அறிந்துகொள்வது நல்லது. இந்த வாரம் காத்திருப்புக் கூடத்தில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். வயது முப்பத்தாறு. இதே ஆய்வில் சேர்ந்திருக்கிறார். திங்கட்கிழமை கதிர்வீச்சு தொடங்குகிறது. யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னேன். மாதவிலக்கு நிற்பது முதல் வலிவரை எதையும் விடாமல் சொல்லி, அந்தச் செவிலியர் இருக்கும் அறைவரை கூடவே போய் விட்டுவிட்டு வந்தேன். இது ஆய்வு விதிகளுக்குப் புறம்பானது என்றால் தாராளமாக என்மீது நடவடிக்கை எடுங்கள். தங்கள் மருத்துவர்கள் சொல்லத் தொடங்கும் நாள்வரை, காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

தங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
பங்கேற்பாளர் எண் 58

இடம்: புறநோயாளிகள் காத்திருப்புக் கூடம்
நாள்: 9 ஜூலை