சேற்றில் வலது அடி

திருவனந்தபுரம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கிறார். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். மாமா வேலைக்குப் போனபின் தனியாகப் படி.

நைனா படகிலிருந்து விழுந்து, இடுப்பில் அறுவை செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொடை எலும்புக்குள் இறக்கியிருக்கும் உலோகத் தண்டு சொரசொரப்பானது. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். என் ஆய்வும் இதில்தான். வழவழப்பான தகட்டில் எலும்புச் செல்களை விட்டால் தட்டையாகப் பரவிக் கிடக்கும். பெருகும், ஆனால் எலும்பாவதில் அக்கறை காட்டாது. சொரசொரப்பான தகட்டில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, பள்ளங்களுக்குள் மெல்லிய கால்களை நீட்டிப் பிடிக்கும். பிடித்தவை மெல்ல எலும்பாகும். செல் ஒன்றுதான், நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் உருவம் மாறுகிறது.

ஆனால் அவை பிடிக்கிற காலத்தில் தண்டு அசையக் கூடாது. மயிரிழை அளவு அசைந்துகொண்டிருந்தாலும் எலும்புக்குப் பதில் தழும்புச் சதைதான் சுற்றி வளரும். பிறகு தண்டு உள்ளேயே திரும்பிவிடும். வலிக்காமலும் இருக்கலாம். பாதம் வெளிப்பக்கம் பார்க்கத் தொடங்கும். அதுதான் அடையாளம்.

பொங்கல் வரை நைனா சேற்றில் இறங்கவே கூடாது.

உன்
சுபஸ்ரீ


பசியாவரம்
15 அக்டோபர்

சுபாவுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தைப் பக்குவமாக நைனாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "இன்னாம்மா, செல்லுக்கெல்லாம் காலு இருக்குதா? அப்ப அதுங்களயே வந்து நம்ம முறைக்கு நிக்கச் சொல்லு" என்றார்.

நம் வீட்டுப் பாடு ஐப்பசிக் கடைசியில் வருகிறது. நீ படிக்கப் போய் இதெல்லாம் மறந்திருப்பாய். ஏரியில் வலை கட்ட ஊர் ஒதுக்கும் முறை அது. வீட்டு ஆம்பிளை தன் காலால் இறங்கிக் கம்பு ஊன்ற வேண்டும். இறங்கவில்லை என்றால் வீட்டின் பெயரை எடுத்துவிடுவார்கள். உன் மாமா வெளியூர் மாப்பிள்ளை, அவருக்கு உரிமை இல்லை. உனக்கும் எனக்கும் என்றைக்குமே இல்லை.

ஊர்த் தலைவர் சிங்காரம் மாமா வந்து வாசலிலேயே நின்று பேசினார். "பொன்னுரங்கம், முடியலன்னா சொல்லிடு. உன் எடத்துக்கு ஆளு லைன்ல நிக்குது." அன்றிலிருந்து நைனா கைத்தடியைத் தொடுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மீன் கிடைக்கிறதா அங்கே?

நந்தினி


திருவனந்தபுரம்
25 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

போனில் "நல்லா கீறாரு" என்று சொல்லி வைத்துவிடுகிறாய்.

நேற்று ஒரு தகட்டை ஆட்டும் மேடையில் வைத்துப் பார்த்தேன். சொரசொரப்பான தகடுதான். நீட்டிய கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு செல்கள் உருண்டையாகிவிட்டன. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவற்றுக்காக என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நைனா இறங்குகிறாரா? பாதம் எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுது. நானே வந்து ஊர்க்கூட்டத்தில் பேசுகிறேன். ஒரு முறை தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறேன்.

சுபஸ்ரீ


பசியாவரம்
13 நவம்பர்

சுபா,

நீ வராதே. நீ வந்து நின்றாலே நைனாவுக்குக் கால் முடியவில்லை என்று ஊரே முடிவு கட்டிவிடும். போனிலும் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன்.

மழை பிடித்துவிட்டது. துறையில் கணுக்கால் சேறு. நைனா தினமும் விடியலில் இறங்கி நடந்து பழகுகிறார். "வலியே இல்லம்மா. உன் தங்கச்சிய நிம்மதியா தூங்கச் சொல்லு" என்கிறார். உண்மைதான், வலி இல்லை.

அவர் வீட்டுக்கு வந்தபின் நான் துறைக்குப் போகிறேன். சேற்றில் பதிந்த அவருடைய இடது அடி நேராக ஏரியைப் பார்த்துப் போகிறது. வலது அடி வெளிப்பக்கம். முதலில் நீ சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது யார் பார்த்தாலும் தெரியும்.

நைனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்து நின்றுவிடுவார். அவர் நின்றால் இந்த வீட்டுக்கு ஏரியில் இடமில்லை. நீ அங்கே இருந்துகொள்வாய். நான் இங்கேதான் இருக்க வேண்டும். முறை வெள்ளிக்கிழமை. இது உன் கைக்கு வரும்போது முடிந்திருக்கும். அதன்பின் நானே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், சத்தியம்.

இந்தச் சேறு லேசில் ஆறாது. நேற்று வைத்த அடி இன்றைக்கும் அப்படியே நிற்கும். சிங்காரம் மாமா படகுக்கு வருவதற்கு முன்னால் அந்த அடிகளையெல்லாம் என் காலாலேயே தேய்த்து, வழவழவென்று ஆக்கிவிட்டு வருகிறேன்.

நந்தினி