பக்கத்துக் கட்டிலின் வாரம்

ஜாலான் புசார்,
சனிக்கிழமை.

அன்புள்ள ஆட்ரிக்கு,

நஃபீசா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் உன்மேல் எனக்கு அப்படியொரு எரிச்சல். இரண்டு முறை மெசேஜ் அனுப்பினேன்; கட்டை விரலைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாய். தாளுக்குக் கட்டை விரல் காட்ட முடியாதல்லவா, அதனால்தான் தபால்.

இன்று காலை கிளமெண்டி முதியோர் இல்லத்துக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். வெரோனிகா ஆன்ட்டி நன்றாக இருக்கிறார். நான் கொண்டுபோன இடியாப்பத்தில் சர்க்கரை போதவில்லை என்று திட்டினார். குளியலறைக்கு இனியா என்ற பணிப்பெண் கைபிடித்துக் கூட்டிப்போகிறாள். நீ எப்போது வருவாய் என்று கேட்டார். பெர்த்தில் வேலை அதிகம் என்று உனக்காகப் பொய் சொன்னேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ நம் அலுவலகத்தில் இருந்தபோது அந்த இல்லத்துக்குச் செய்துகொடுத்த ரிக்ரெஷனை, அதுதான் அந்தத் தொடர்புக் கணக்கை, புதிய தரவோடு மறுபடி ஓட்டச் சொன்னார்கள். ஒருவருக்குப் பணியாளர் துணை குறைந்தால் மறுவாரம் அவர் விழுகிறாரா என்பதுதானே கேள்வி? தொடர்பே இல்லை என்று எழுதிவிட்டுப் பெர்த்துக்குப் போய்விட்டாய். உன் கோப்பைத் திறந்தேன். ஒருவரின் போன வாரக் கணக்கை எடுக்க, ‘முந்தைய வரியை எடு’ என்று ஒரே ஒரு கட்டளை. தரவோ ஆள்வாரியாக இல்லை. வாரம் வாரமாக, கட்டில் வரிசையில் கிடக்கிறது! உன் அம்மாவின் போன வாரம் என்று சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டது, பக்கத்துக் கட்டில் சாமுண்டீஸ்வரி அம்மாளின் இந்த வாரத்தை. எல்லோருக்கும் இதே கதிதான். முதல் வருட மாணவன்கூட அடுக்கிவிட்டுத்தான் அந்தக் கட்டளையைத் தொடுவான். நான் ஆள்வாரியாக அடுக்கி ஓட்டினேன். துணை குறைந்த மறுவாரம் விழுபவர்கள் இரண்டு மடங்கு.

மேக்ஸ்வெல்லிடம் ஓடினேன். நம் மேலாளரை உனக்குத் தெரியாதா? போன அறிக்கையை ஏன் கிளறுகிறாய், ஒரு கண்டிஷன் போட்டால் போதும்லா என்றார். படுத்த படுக்கையாக இருப்பவர்களை மட்டும் வைத்து ஓட்ட வேண்டுமாம். எழுந்தே நிற்காதவர் எங்கே விழுவார்? மறுபடியும் தொடர்பு இல்லை என்றே வந்தது. த்தூ! அந்தக் கண்டிஷனைத் தட்டியது என் விரல்கள்தான் என்று நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அந்த முடிவை நான் இல்லத்துக்கு அனுப்பவில்லை. வேலையை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும்.

உன் அறிக்கையை நம்பி, வரும் முதல் தேதியிலிருந்து மாடிக்கு நான்கு பணிப்பெண்களை இரண்டாகக் குறைக்கிறார்கள். போகிறவர்களில் இனியாவும் ஒருத்தி. இல்லத்தில் நேராகவே போய்ச் சொன்னேன். அறிக்கையில் கையெழுத்துப் போட்டவரே சொல்லட்டும் என்கிறார்கள். புது இடத்தில் உன் பெயர் கெடும் என்று பயப்படுகிறாய். பயப்படு, ஆனால் எழுது. தவறு என்னுடையது, அந்த முடிவை நம்பாதீர்கள் என்று நான்கு வரி போதும். முதல் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

ஆன்ட்டியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கிளம்பும்போது என் முக்காட்டைச் சற்று விலக்கி, நெற்றியில் சிலுவை வரைந்தார். இது உனக்கில்லை, ஆட்ரிக்கு, கொண்டுபோய்க் கொடு என்றார். இதோ அனுப்பிவிட்டேன். அதை வாங்கிக்கொள்ளும் முன் அந்த நான்கு வரியை எழுதிவிடு.

உன்னை இன்னும் தோழி என்றே சொல்லிக்கொள்ளும்,
நஃபீசா