நான்கு டயர்களும் நலம்

இல்லை, தேர்வுக்கு நீ அனுப்பிய டயர் பாலிஷ் பாட்டிலைப் போடவில்லை. அது ஒழுகாமல், உடையாமல், நீ சுற்றி வைத்த துண்டோடு பத்திரமாக வந்து சேர்ந்தது. குளியலறை அலமாரியில் உன் அப்பாவின் சவர சோப்புக்குப் பக்கத்தில் அன்றைக்கு மூடி திறக்காமல் கௌரவமாக நின்றுகொண்டிருந்தது. போட்டது வேறு. அதனால்தான் டிரைவிங் தேர்வு என்ன ஆயிற்று என்று நீ கேட்டபோது போனை அவரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். "கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு" என்று அவர் உன்னிடம் சொன்னது காதில் விழுந்தது. உண்மைதான். வெள்ளைக் கோட்டைத் தாண்டித் தள்ளிப் போயிற்று. முறையாகத் தொடங்க மறந்துவிட்டேன் பார். அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான்கு டயர்களும் நலம், டிக்கியில் படுத்திருக்கும் ஐந்தாவதும் நலம், அதற்கு அடுத்தபடியாக நானும் உன் அப்பாவும். உன் இருமல் போயிற்றா, குழந்தை இரவில் தூங்குகிறதா என்பதைத் தனியாக எழுது.

இதைப் போனில் சொல்ல முடியாது. நான் ஒரு வாக்கியம் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று அதைத் திருத்துவார், நீயும் திருத்தியதையே நம்புவாய். காகிதத்தை அவர் எட்டிப் பார்ப்பதில்லை, அது ஒன்றுதான் வசதி. இந்த வயதில் எதற்கம்மா கார் ஓட்டப் பழகுகிறாய், அப்பாதான் நல்லா ஓட்டறாரே என்று சிரித்தாய். நல்லாத்தான் ஓட்டுகிறார். இடது பக்கக் கண்ணாடி தானாகவே உடைந்தது. கேட் தூண் தானாகவே நகர்ந்து வந்து கதவைக் கீறியது. தபால்காரர் சைக்கிளோடு சுவரில் சாய்ந்து "சார், நான் இங்கதான் இருக்கேன்!" என்று கத்தியது அவருடைய சொந்த விருப்பம். கண் டாக்டரிடம் போகலாம் என்று சொன்னால் செய்தித்தாளை எடுத்து மடித்து அதில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துக் காட்டுவார், ஏதோ நான்தான் டாக்டர் போலவும், கார் ஓட்டுவது என்பது செய்தித்தாள் படிப்பது போலவும். அந்த மனிதர்தான் நீ குழந்தையோடு வரும் அன்று விமான நிலையத்துக்குத் தானே ஓட்டி வருவேன் என்று நிற்கிறார். அந்த நெடுஞ்சாலையில். லாரிகளுக்கு நடுவில். பின்சீட்டில் நீயும் அதுவும். அதற்குள் எனக்கு உரிமம் வேண்டும், வேறு ஒன்றும் இல்லை. இதை உன்னிடம் தெளிவாகச் சொன்னேன். "அம்மா, ஓவரா யோசிக்காதே" என்றாய். சரி என்று யோசிப்பதை விட்டுவிட்டுக் கிளட்சை மிதிக்கப் போனேன்.

பயிற்சி கொடுக்கிற பெண் உன்னைவிடச் சின்னவள். வாய் மட்டும் பெரியது. முதல் நாள் ஸ்டீயரிங்கை நான் பிடித்த பிடியைப் பார்த்து, "ஆன்ட்டி, அது எங்கேயும் ஓடிப் போகாது, கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்றாள். பிரேக்கை நான் மிதிக்கும் போதெல்லாம் தலையை முன்னால் ஆட்டி, "கும்புடறேன் ஆன்ட்டி, கும்புடறேன்" என்பாள். போகப் போகக் கும்பிடுவது நின்றது. அவள் போனைப் பார்க்கத் தொடங்கினாள். அதுதான் சான்றிதழ் என்று நான் எடுத்துக்கொண்டேன். நம் காரிலேயே தேர்வுக்குப் போகலாம், கை பழகியது அதுதானே என்றும் அவளே சொன்னாள். அங்கேதான் உன் அப்பா உள்ளே வந்தார்.

கிடங்கு மேற்பார்வையாளராக இருந்த காலம் முழுவதும் ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் தள்ளுவண்டிச் சக்கரங்களுக்குக்கூடப் பெயின்ட் அடித்தவர் அவர், உனக்குத் தெரியும். வருகிறவர் கணக்கைப் பார்ப்பதற்குள் பளபளப்பில் மயங்கிவிட வேண்டும் என்பது கொள்கை. காயாத பெயின்ட் வந்தவர் கையில் ஒட்டி, அவர் அதே கையால் மூக்கைச் சொறிந்ததும் உண்டு, அந்தக் கதையை வெற்றிக் கதையாகத்தான் சொல்வார். ஆகவே ஓட்டுநர் ஆய்வாளர் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவருக்கு ரத்தம் சூடேறிவிட்டது. தேர்வு எனக்கு என்பது சின்ன விவரம். வண்டியைக் கழுவினார், துடைத்தார், கடைசியில் டயருக்கு வந்தார். நீ எழுதி அனுப்பிய குறிப்பை நான் சத்தமாக வாசித்தேன். பால் மாதிரி இருக்கிற, தண்ணீர் கலந்த வகையையே எடு. முதலில் சோப்புப் போட்டுப் பிரஷ்ஷால் தேய், பழுப்பு நுரை வருவது நின்று வெள்ளை நுரை வரும்வரை. நன்றாகக் காயவிடு. ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்துப் பக்கவாட்டில் மட்டும் மெல்லிசாகத் தடவு, ரோட்டைத் தொடுகிற பட்டன் பகுதியில் ஒரு சொட்டுப் படக்கூடாது. ஊறவிட்டு, மிச்சத்தை உலர்ந்த துணியால் ஒற்றித் துடை. எல்லாவற்றையும் கேட்டார். "அவ அங்க பஸ்ல போறவ, டயரைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்" என்றார். கடைக்குப் போனார். கடைக்காரர் எண்ணெய் வகைப் பாட்டிலைக் காட்டி, "சார், இதப் போட்டா டயர்ல உங்க முகமே தெரியும்" என்றாராம். டயரில் முகம் பார்க்க வேண்டும் என்று இத்தனை காலம் தவித்தவர் போல வாங்கி வந்துவிட்டார். பிரஷ்ஷால் தேய்ப்பது தேவையில்லை, அழுக்கின் மேலேயே பிடிக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. துடைப்பதும் தேவையில்லை. துடைத்தால் பளபளப்பு துணிக்குத்தானே போகும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், பளபளத்தது. தெருவில் போன நாய்கூட நின்று பார்த்தது. தேர்வு மைதானம் வரைக்கும் பயிற்சிப் பெண் பக்கத்தில் இருக்க நான்தான் ஓட்டினேன். இறங்கிப் பார்த்தால் நம் வெள்ளைக் கதவுகள் இரண்டிலும் சக்கரத்திலிருந்து தெறித்த கறுப்புப் புள்ளிகள், கோழி மை மிதித்துவிட்டு நடந்தது போல. அந்தப் பெண் மட்கார்டில் விரல் வைத்து முகர்ந்து பார்த்து, "அங்கிள், இது காரா, சட்னி அரைச்ச மிக்ஸியா?" என்றாள். உன் அப்பா அவளை மதிக்கவில்லை. நான் உள்ளே கையெழுத்துப் போடப் போன நேரத்தில், வழியில் தூசி படிந்துவிட்டதாம், பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கடைசியாக ஒரு கோட்டிங். வரிசையில் நிற்கும்போதே. இந்தத் தரம் பட்டன் பகுதியையும் விடவில்லை. ரோட்டில் பதியப் போகிற இடத்துக்கு அலங்காரம் செய்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

ஆய்வாளர் ஏறினார். சாம்பல் நிறச் சட்டை, அவசரம் இல்லாத முகம். திருப்பினேன், பின்னால் எடுத்தேன், இரண்டு தூணுக்கு நடுவில் நிறுத்தினேன். கடைசியாக வழவழப்பான சிமெண்ட் தரையில் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். மிதித்தேன். சக்கரம் நின்றது. கார் நிற்கவில்லை. மெதுவாக, மரியாதையாக, யாரையோ வழியனுப்பப் போவது போலக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. ஆய்வாளர் இறங்கிக் குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், விரலைப் பார்த்தார். "யாருங்க இது, டயருக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டது?" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் உன் அப்பா கையைத் தூக்கினார். பரிசு கொடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார், முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஆய்வாளர் என்னிடம் திரும்பி, "நீங்க நல்லாத்தான் ஓட்டறீங்க அம்மா. ஆனா கோட்டைத் தாண்டினா தாண்டினதுதான், நான் என்ன செய்ய. அடுத்த மாசம் வாங்க, சாரை வீட்ல விட்டுட்டு வாங்க" என்றார்.

அடுத்த மாதம் என்றால் நீ வந்து இறங்கிய பிறகு.

வீட்டுக்கு வந்ததும், வழித்தூசி படிந்த டயர்களுக்கு நின்ற இடத்திலேயே மறுபடியும் ஒரு கோட்டிங் போட்டார். வேண்டுமென்றே செய்தாரோ என்று நினைத்தேன், உனக்குக் கோபம் வரட்டும், நினைத்தேன். சாவி என் கைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு மனிதர் இவ்வளவு பாலிஷைச் செலவழிப்பாரா. செலவழிப்பார் என்றுதான் தோன்றியது. மறுநாள் காலை வாளியும் பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் சோப்பும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எண்ணெயைத் தேய்த்து எடுக்காமல் அந்த வண்டியை யாரும் தெருவில் இறக்கக் கூடாது. முன் டயரில் பிரஷ்ஷை வைத்தேன். இடது ஓரத்தில் ஒரு பெரிய துண்டு காய்ந்து, வெளுத்து, அப்படியே இருந்தது. புதுப் பாலிஷே படவில்லை. சோம்பல் என்று நினைத்தேன். அடுத்த டயர். அதிலும் இடது ஓரம். சுற்றி அந்தப் பக்கம் போனேன். அங்கேயும். உட்கார்ந்து பார்த்தால் நான்கிலும் ஒரே இடம், வெட்டி எடுத்தது போல. வலது பக்கம் ரிம்முக்கும் பட்டனுக்கும் சேர்த்து அப்பியிருக்கிறது, இடது பக்கம் ஒன்றும் இல்லை. திரைச்சீலை ஒரு விரல் கோணலாகத் தொங்கினால் சாப்பாட்டை விட்டு எழுந்து போய்ச் சரிசெய்கிற ஆள் அவர். அரைகுறையாக ஒரு வேலையை அவர் விட்டு நான் பார்த்ததே இல்லை. பிரஷ்ஷை வாளியில் போட்டேன்.

"என்னங்க, இங்க வாங்க" என்றேன். சண்டைக்குத் தயாராக வந்தார். "நாலு டயரும் முழுசாப் போட்டீங்களா" என்றேன். "பின்ன? இன்ஸ்பெக்‌ஷன்னா பாதியா செய்வாங்க?" என்றார். எதிரில் இருந்த டயரைக் காட்டி, இது முழுசா என்று கேட்டேன். குனிந்து பார்த்து, முழுசு என்றார். அவர் கையைப் பிடித்து அந்தக் காய்ந்த இடத்தில் வைத்தேன். விரல் சொரசொரப்பை உணர்ந்தது. அவர் தலையைக் கொஞ்சம் திருப்பினார், இன்னும் கொஞ்சம், தோளையே திருப்பினார். அப்புறம்தான் பார்த்தார். எழுந்து அடுத்த டயருக்குப் போனார். நான் சொல்லாமலே தலையைத் திருப்பிப் பார்த்தார். அதற்கடுத்ததற்கு. நான்காவதற்குப் போகவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து, "அந்தத் தபால்காரன் நிஜமாவே அங்கதான் இருந்தானா" என்றார். ஆமாம் என்றேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவரே கேட்டார், "அவ அனுப்பினது எங்க வச்சிருக்கே". கொண்டு வந்தேன். நுரை வெள்ளையாகும்வரை நான் தேய்த்தேன், காயவிட்டோம், அவர் ஸ்பாஞ்சில் நீ சொன்ன அளவுதான் எடுத்தார். "விட்டுப் போற இடத்த நீ சொல்லு, நான் போடறேன்" என்றார். சொன்னேன். இடது, இன்னும் இடது, அவ்வளவு இல்லை, ரிம்மில் படுகிறது. இத்தனை வருடத்தில் நான் சொல்லச் சொல்ல அவர் செய்த முதல் வேலை இதுதான், இதைக் கொண்டாட முடியவில்லை என்பதுதான் என் அதிர்ஷ்டம். துடைத்தும் விட்டார். இப்போது முகம் தெரியவில்லை, புது ரப்பர் மாதிரி அடக்கமான கறுப்பு, தொட்டால் கையில் ஒட்டவில்லை. "அவ்ளோ பளபளப்பு இல்லையே" என்று ஒரு குறை சொன்னார், சொல்லாவிட்டால் பயந்திருப்பேன். பிறகு சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து, என்னைப் பார்க்காமல், வாளியின் விளிம்பில் வைத்தார். கண் டாக்டரைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும் என்று அவர்தான் கேட்டார்.

நீ இப்போது போனை எடுத்து அழ வேண்டாம். அப்பாவைப் பார்த்துப் பேசும்போது கண்ணைப் பற்றி முதலில் நீ கேட்காதே, டயரைப் பற்றிக் கேள், விவரமாகச் சொல்வார், அதில் மற்றதும் வந்துவிடும். விமான நிலையத்திலிருந்து டாக்சி எடுத்துக்கொள். அது உன் யோசனை என்று சொல், குழந்தைக்கு இடம் போதாது என்று சொல், பொய் சொல்ல உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருமலுக்கு வெந்நீர் குடி. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், பார்க்க வேண்டியதையெல்லாம் உங்கள் கண்கள் நெடுநாள் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
நன்றாக ஓட்டியும் தோற்ற உன் அம்மா

நேற்று எழுதியதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் பயிற்சிப் பெண் வந்து என் பக்கத்துச் சீட்டில் ஏறிவிட்டாள். உன் அப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, அவர் விரல் சிக்காமல் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு, கண் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்தேன்.