நிதானமான நாடி

பதுளை
12.8.1981

அன்பு மகன் ஷுக்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். உன் சுகத்தை இம்முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. வாப்பாவுக்கு இருந்தது உனக்கும் இருக்குமா என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியாது. இருபது வருஷமாகப் பட்டாணிச் செடிகளை வைத்துப் பிள்ளைகளுக்குப் பரம்பரை படிப்பிக்கிறேன், நூறில் எத்தனை என்று சொல்லலாம், எந்தச் செடி என்று சொல்ல முடியாது. உன் விஷயத்தில் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான்.

எழுபது அடிக்க வேண்டிய நாடி வாப்பாவுக்கு நாற்பதுக்கு மேல் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். அவருடைய குடும்பத்தில் அது ஒரு பெருமை, நிதானமான ஆக்களுக்கு நிதானமான நாடி என்பார்கள், நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்காமல், கீழறை தன்பாட்டில் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது என்று டாக்டர் ஈசிஜியைக் காட்டிச் சொன்னபோது வாப்பாவுக்கு நாற்பத்தாறு வயது, அந்த மாதமே கடையில் விழுந்து மௌத்தாகிவிட்டார்.

நாளைக்கு வாப்பாவின் தங்கை, உன் ஸவாஹிரா மாமியின் மகள் ஜெனீராவுக்கு நிக்காஹ், மாப்பிள்ளை பண்டாரவளை புடவைக்கடை ஹாஷிம். இன்று பின்னேரம் பெண்ணுக்கு மருதோன்றி வைக்க என்னையும் உட்காரவைத்தார்கள். கையைப் பிடித்ததும் விரல் தானாக மணிக்கட்டுக்குப் போய்விட்டது. படியேறி ஓடிவந்து உட்கார்ந்த பிள்ளை, நாடி நாற்பத்திரண்டுதான். போன நோன்பில் இரண்டு முறை மயங்கி விழுந்தாளாம், பசி என்று விட்டுவிட்டார்கள். குசினியில் மாமியிடம் சொன்னேன். "மதினி, எங்கட ஆக்கள்ட நாடி அப்படித்தான். ஒங்கட படிப்ப நாளைக்கு மட்டும் பூட்டி வைங்க" என்றாள். நான் பூட்டவில்லை, ஜெனீராவிடமே சொன்னேன். அவள் அழவில்லை. ஹாஷிமுக்கு யார் சொல்வது என்று கேட்டாள், அது உன் முடிவு என்றேன். கலியாணம் நின்றால் அந்தப் பழி எனக்குத்தான், நின்றாலும் அவள் உயிரோடு இருப்பாள். கொழும்பில் இப்போது நெஞ்சில் சின்னக் கருவி வைத்து இதயத்தை அடிக்கவைக்கிறார்கள், வாப்பாவுக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை.

நீ தலைசுற்றல் வரட்டும் என்று காத்திருக்காதே. இந்த வாரமே ஈசிஜி எடுத்து எனக்கு எழுது. அந்த ஊர்க் குளிருக்குள் வெறுந்தலையோடு திரியாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உம்மா,
ஸைனப்

13ஆம் திகதி. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் ஜெனீராவே ஹாஷிமின் கடைக்கு டெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டாள். பகல் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள், கொழும்பு டாக்டர் பார்த்த பிறகு நாள் வைப்போம் என்று ஹாஷிமின் வாப்பா சொன்னார். நிக்காஹ் நடக்கவில்லை. சமைத்த சோற்றை என்ன செய்வது, இரண்டு வீட்டாரும் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எல்லாரும் போன பிறகு ஸவாஹிரா மாமி என் முன்னால் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். முழு நிமிஷம் எண்ணினேன். நாற்பத்தாறு.